ஹாலில் ஓடிய பதினேழாம் நம்பர்

டிப்போவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுவதால் அவள் பெயரே பதினேழு என்று ஆகிவிட்டது. "பதினேழு டீ குடிச்சாச்சா?" என்பார்கள். "பதினேழு வர்ற நேரம், அந்தக் கண்ணாடியைத் தொடாதே" என்பார்கள்.

அதற்கு முன் ஒரு பேக்கரி வேனில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனவள். பஸ்ஸுக்கான சோதனையில் முதல் தடவை தோற்றாள். பின்னால் எடுக்கும்போது கம்பத்தை உரசிவிட்டாள். அடுத்த தடவை சோதிக்க வந்தவர் கீழே இறங்கி, சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். இந்தக் கதையை அவள் தானாக யாரிடமும் சொல்ல மாட்டாள். யாராவது கேட்டால் சொல்லி முடிக்காமல் விட மாட்டாள்.

எல்லா விஷயத்திலும் விட்டுக்கொடுக்கிறவள்தான், சீட்டு ஒன்றைத் தவிர. அவள் முறை முடிந்து அடுத்த டிரைவர் ஏறும்போது பார்க்க வேண்டும். பிறந்த வீட்டுப் பாத்திரத்தை இரவல் கொடுப்பவள் மாதிரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். மறுநாள் வந்ததும் சீட்டின் உயரத்தைப் பார்த்து, "எவனோ ஒட்டகம் உக்காந்திருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறக்குவாள். ஈரத் துணியால் துடைப்பாள். சிவப்பு நிறத் தண்ணீர் பாட்டிலை வலப்பக்கக் கொக்கியில் மாட்டுவாள். தொப்பியைச் சரி செய்துகொண்ட பிறகு, உலகமே வந்து தோளைத் தட்டினாலும் அவள் பார்வை சாலையைவிட்டு நகராது.

ஒரு தடவை அவள் வீட்டுக்காரர் பையனைத் தூக்கிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறினார். பையன் பின்னாலிருந்து, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவள் திரும்பவில்லை. ஓட்டும்போது டிரைவருடன் பேசக் கூடாது என்று தலைக்கு மேலே எழுதியிருக்கிறது. சொந்தப் பிள்ளைக்காக அதை மீறினால் நாளைக்கு ஊரில் உள்ளவனை எல்லாம் எப்படி அதட்டுவது? டிப்போவில் இதைப் பெருமையாகச் சொன்னாள். "கத்திக் கத்தித் தொண்டை காய்ஞ்சு போச்சு, பாவம். நான் திரும்பினேனா?"

பையனுக்கு நாலு வயது. வீட்டில் வாண்டு என்றுதான் பெயர். அவனுக்கும் அவளுக்கும் மாலை நேரத்தில் ஒரு விளையாட்டு உண்டு. சாப்பாட்டு மேஜையின் நாற்காலிகளை ஹாலில் இரண்டிரண்டாகப் போட்டு, முன்னால் ஒரு நாற்காலியைத் தனியாக வைத்தால் பஸ் தயார். பெரிய பாத்திரத்தின் மூடி ஸ்டியரிங். அதன் நடுக் குமிழ் ஹாரன். அவள் டிரைவர், வாண்டு கண்டக்டர். பழைய பேப்பரைக் கிழித்து டிக்கெட் கொடுத்துக்கொண்டே, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்குல்ல" என்று விரட்டுவான். பயணிகள் இரண்டு தலையணைகளும் ஒரு துணிப் பொம்மையும். அப்பா வீட்டில் இருந்தால் அவரும் ஒரு பயணி. அவர் மீனும் இறைச்சியும் உறைய வைக்கும் கிடங்கில் வேலை பார்க்கிறவர். தாடியும் கம்பளி பனியனுமாக வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்த கையோடு குறட்டை விட்டுவிடுவார். அந்த பஸ்ஸில் அதுவும் ஒரு உண்மையான அம்சம் என்பதால் யாரும் அவரை எழுப்புவதில்லை.

வீட்டுக்காரரின் தம்பிக்கு வேலை இந்தப் பக்கம் மாறியதும் அவனும் இவர்களோடு வந்து தங்கினான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. நல்ல பையன். துணியைத் தானே துவைத்துக்கொள்வான், முட்டை பொரித்துத் தருவான், அண்ணி வர நேரமானால் வாண்டை விளையாட்டுப் பள்ளியிலிருந்து கூட்டி வருவான். மூக்குக்குக் கீழே கறுகறுவென்று, சீப்பால் வாரிவிடுகிற அளவுக்கு ஒரு மீசை. அவனிடம் இருந்த ஒரே குறை, பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பான். வேலைக்கு நடந்தே போய் வந்தான்.

அப்படிப்பட்டவனைத்தான் அவள் பையன் டிரைவராக்கினான்.

அது எந்த நாளில் தொடங்கியது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். குழாயில் தண்ணீர் வராத நாள். மற்ற நாட்களில் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாலைப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்குமாகப் பிள்ளையைத் தொடக் கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். வாண்டு கதவுக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பான். நீலச் சட்டையும் தொப்பியுமாக உள்ளே போனவள், ஈரத் தலையும் பூப்போட்ட நைட்டியுமாக வெளியே வருவாள். வந்ததும் பாய்ந்து கட்டிக்கொள்வான்.

அன்றைக்குக் குழாய் காற்றைத்தான் துப்பியது. அலுப்பில், தொப்பியைக்கூடக் கழற்றாமல், "வாடா என் கண்ணு" என்று குனிந்து அவனைத் தூக்கினாள். அவன் இரண்டு கையாலும் அவள் நெஞ்சைத் தள்ளினான். வழுக்கிக்கொண்டு இறங்கி, சமையலறைக்கு ஓடி, சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

"என்ன அண்ணி, டீசல் வாடை போல" என்று சிரித்தான் கொழுந்தன்.

அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மறுநாள் மாலை நாற்காலிகளைப் போட்டதும், வழக்கம்போல் முன் நாற்காலியில் உட்காரப் போனாள். வாண்டு குறுக்கே கையை நீட்டினான்.

"அம்மா, நீ பின்னால உக்காரு. சித்தப்பாதான் டிரைவர்."

"ஏன்டா, நான்தானே டிரைவர்?"

"நீ அம்மா."

"அம்மாதான்டா டிரைவர். ஊருக்கே தெரியும்."

"இல்ல. டிரைவர்னா ஆம்பளை. மீசை இருக்கணும். நீ பொண்ணு. பாப்பாவைப் புடிச்சுக்கிட்டு உக்காரு." துணிப் பொம்மையை அவள் மடியில் போட்டான். டிக்கெட்டையும் மறக்காமல் கொடுத்தான்.

கொழுந்தன் மூடியைப் பரிமாறுகிற தட்டு மாதிரிப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, "டுர்ர்ர்" என்றான்.

பின்னாலிருந்து அவளால் பொறுக்க முடியவில்லை. "கியர் போடாம எப்படித் தம்பி கிளம்பும்?"

"இது ஆட்டோமேட்டிக், அண்ணி."

"திருப்பத்துல கண்ணாடியைப் பாக்க மாட்டியா? இடப்பக்கம் சைக்கிள்காரன் வந்தா என்ன ஆவான்?"

"டிரைவர்கிட்ட பேசக் கூடாது" என்று வாண்டு அதட்டினான். "எழுதியிருக்குல்ல?"

கடைசி நாற்காலியில் வீட்டுக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நாலைந்து நாளில் அலுத்துவிடும் என்று இருந்தாள். அலுக்கவில்லை. வாண்டு இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்தான். சுத்தியல் பையன், கரண்டி பொண்ணு. நீல டம்ளர் பையன், பூப்போட்ட தட்டு பொண்ணு. பூப்போட்ட தட்டில் ரொட்டி வைத்தால் தொட மாட்டான். சித்தப்பா எப்படி நடக்கிறானோ அப்படி நடந்தான். சித்தப்பா தும்மினால் இவனும் ஒரு தும்மல் போட்டுப் பார்த்தான். காலையில் சித்தப்பா மீசையை வாரும்போது, இவனும் பக்கத்தில் ஸ்டூலில் ஏறி நின்று, ஒன்றுமில்லாத உதட்டை வாரிக்கொண்டான். அவள் அதைக் கதவோரம் நின்று பார்த்தாள். பெற்றவள் தான், பாலூட்டியவள் தான், பஸ் ஓட்டுகிறவளும் தான். ஆனால் பிள்ளையின் கண் முழுக்க, கண்ணாடிக் கடைக்காரனின் மூக்குக்குக் கீழே இருந்தது.

அவளும் சும்மா இருக்கவில்லை. மூடியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். வாண்டு அதைக் கண்டுபிடிக்கும் வரை அவர்கள் ஷூ பெட்டியின் மூடியை வைத்து ஓட்டினார்கள். தலைவலி, நாற்காலியை இழுக்காதே என்றாள். தரையில் உட்கார்ந்து ஓட்டினார்கள். கொழுந்தன் பொரித்த முட்டையில் உப்பு கூட என்றாள். மறுநாள் உப்பே இல்லை என்றாள்.

"நாலு வயசுப் பையன்கிட்டயா சீட்டுக்குச் சண்டை போடுறே?" என்றார் வீட்டுக்காரர்.

"பையன்கிட்ட எனக்கு என்ன சண்டை? உங்க தம்பிக்கு இடக்கை எது, வலக்கை எதுன்னு தெரியாது. அவரு டிரைவராம், நான் பாப்பா புடிக்கணுமாம்."

"விளையாட்டுதானே."

"உங்களுக்கென்ன. உங்க சீட்டை யாரும் புடுங்கலை. எங்க போட்டாலும் தூங்குவீங்க."

ஒரு நாள் அவளுக்கு மதிய ஓய்வு. விளையாட்டுப் பள்ளிக்கு நேரே போய், பொம்பளை பஸ் ஓட்ட மாட்டாள் என்று என் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். மதியத்துக்காக வீட்டு உடுப்புக்கு மாறியிருந்தாள்.

டீச்சர் முட்டி போட்டுத் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "யாரும் சொல்லிக் குடுக்கலைங்க. அங்க பாருங்க" என்று மூலையைக் காட்டினாள்.

விளையாட்டு அடுப்பு இருந்த மூலையில் ஒரு சின்னப் பெண் இடுப்பில் கைவைத்து நின்று, "பையனுங்க வரக் கூடாது, இது பொண்ணுங்க வீடு" என்று ஒருவனை விரட்டிக்கொண்டிருந்தாள். அவனோ கையிலிருந்த கோப்பை ரோஜா நிறம் என்று அப்போதுதான் கவனித்தவன் மாதிரி, சுட்டுவிட்டதுபோல் கீழே போட்டான்.

"ரெண்டு வயசுல எல்லாத்தையும் வாயில வைப்பாங்க. இந்த வயசுல எல்லாத்தையும் பையன், பொண்ணுன்னு ரெண்டு கூடையில போடுவாங்க. தான் எந்தக் கூடைன்னு தெரிஞ்சதுல ஒரு சந்தோஷம். அதுல கொஞ்சம் கண்டிப்பாத்தான் இருப்பாங்க. வீட்ல அப்பா சமைச்சாலும் அம்மாதான் சமைக்கிறாங்கன்னு சாதிப்பாங்க. வளர வளரத் தளர்ந்துடும்."

"அது வரைக்கும் நான் பின்சீட்டா?"

டீச்சருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஏதோ நினைவு வந்தவளாகச் சுவரைக் காட்டினாள். "உங்க பையன் வரைஞ்சதைப் பாத்தீங்களா? நல்லா வந்திருக்கு."

மஞ்சள் பெட்டியாக ஒரு பஸ். கீழே நிறைய சக்கரங்கள், பாதி பறந்துகொண்டிருந்தன. முன்னால் தொப்பி போட்ட ஒரு ஆள். முகத்தில் பாதிக்கு மீசை. பக்கத்தில் ஒரு கொக்கி, அதில் சிவப்பாக ஒரு பாட்டில்.

"எங்க வீட்டு டிரைவர்னு சொன்னான். வேற யாரையும் தொட விடலை."

அவள் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சீட்டைக் கொடுத்தான், சரி. தொப்பியைக் கொடுத்தான், அதுவும் போகட்டும். என் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டானே. டீச்சரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினாள். வீட்டுக்கு நடக்கும்போது, எதிரே வந்த ஆண்களின் மீசையையெல்லாம் முறைத்துக்கொண்டே போனாள்.

அன்று மாலை கொழுந்தனுக்கு டீ கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள். அவன் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டான்.

"தம்பி, உன் கடையில எல்லாரும் மீசை வச்சிருக்காங்களா?"

"ஏன் அண்ணி?"

"இல்ல, கண்ணாடி மாட்டிவிட மூஞ்சிக்குப் பக்கத்துல வர்றே. வாங்க வர்றவங்க கண்ணாடியைப் பாப்பாங்களா, உன் மீசையைப் பாப்பாங்களா? மீசை இல்லைன்னா உனக்கு வயசும் குறைஞ்சு தெரியும். இப்ப உன்னையும் உங்க அண்ணனையும் பக்கத்துல நிக்க வச்சா, நீதான் மூத்தவன்னு சொல்வாங்க."

வேறெந்த வார்த்தையும் அவனிடம் இப்படி வேலை செய்திருக்காது. டீ ஆறும் வரைக்கும் கண்ணாடி முன்னால் நின்றான். அடுத்த விடுமுறை நாள் காலையில் குளியலறைக்குள் போனவன், வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். உதட்டுக்கு மேலே ஒரு பட்டை மட்டும் வெளுத்து, முகமே யாரோ போல் இருந்தது. சிரிக்கும்போது நிஜமாகவே இளமையாகத் தெரிந்தான்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. கூடவே, முன்சீட்டு காலி என்ற நினைப்பும் இருந்தது.

வாண்டு ஹாலில் நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தான். குளியலறைக் கதவைப் பார்த்தான். மறுபடி சித்தப்பாவைப் பார்த்தான். அவன் முகத்தில் அழுகை இல்லை, பதற்றமும் இல்லை. குழாய்க்காரர் குழாயைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"சித்தப்பா, நீயும் பொண்ணு ஆயிட்டியா?"

"என்னது?" என்றான் கொழுந்தன்.

"பரவாயில்ல. பின்னால உக்காரு." துணிப் பொம்மையை எடுத்து அவன் கையில் கொடுத்தான். "அம்மா பக்கத்துல."

வீட்டுக்காரர் கடைசி நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து, தாடியைத் தடவிக்கொண்டே சிரித்தார். "என்னடா இது, ஒரு மீசைக்கு இவ்வளவு விலையா?"

"சரி, இப்ப யாரு டிரைவர்?" என்று அவள் எழுந்தாள். முன் நாற்காலிப் பக்கம் நடந்தாள். "அம்மா வரட்டுமா?"

"வேணாம்." வாண்டு முன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அப்பா ஓட்டினா தூங்கிடுவாரு. இன்னிக்கு பஸ் ஓடாது."

"மீசை வச்ச ஆளு இல்லைன்னா பஸ் நின்னுடுமாடா? அம்மா தினமும் ஓட்டறேனே, அது பஸ் இல்லையா?"

"அது நீ இல்ல. அது டிரைவர்."

"யாரு?"

"நீ வேலைக்குப் போனா தொப்பி போட்டு டிரைவரா மாறிடுவே. ஆம்பளை. மீசை முளைக்கும்." இவ்வளவு சாதாரண விஷயத்தைக் கேட்கிறாளே என்று அவளைப் பார்த்தான். "வீட்டுக்கு வந்து குளிச்சா போயிடும். அப்புறம் அம்மா வருவே."

அவள் அவனுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"யாருடா சொன்னது உனக்கு?"

"நானே பாத்தேன். பஸ்ல கூப்பிட்டேன்ல? அம்மான்னா திரும்புவே. திரும்பலை." கொஞ்ச நேரம் மூடியின் குமிழைத் திருகினான். "தண்ணி வராத அன்னிக்கு டிரைவர் வெளியவே வந்துட்டாரு. என்னைத் தூக்கினாரு. அம்மா வரவேயில்ல."

"நைட்டியோட வந்தேனேடா அப்புறம்?"

"நான் தூங்கிட்டேன்ல?"

அன்றைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வாளி தண்ணீர் வாங்கிக் குளிப்பதற்குள் அவன் சித்தப்பாவின் தோளில் தூங்கிப்போயிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் பஸ்ஸும் நினைவு வந்தது. பாட்டில் யாருடையது என்று அவன் சரியாகத்தான் வரைந்திருந்தான். மீசைதான் கூடுதல்.

"வீட்ல ஓட்டினா நீ இங்கயே மாறிடுவே" என்றான் வாண்டு. "தண்ணி வராட்டி?"

பின்சீட்டு அவனுக்கு அவமரியாதையான இடம் இல்லை. அம்மாவை அம்மாவாகவே வைத்திருக்கிற இடம். இதை நினைத்ததும் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன்மேலேயே ஒரு பொறாமை வந்தது. அந்த மஞ்சள் பஸ், அந்தக் கம்பம், அந்தக் கையெழுத்து எல்லாவற்றையும் பிள்ளை யாரோ ஒரு மீசைக்காரனுக்கு எழுதி வைத்திருந்தான். கொழுந்தனிடமாவது முட்டையில் உப்பு சரியில்லை என்று சொல்லலாம். இந்த மீசைக்காரனிடம் என்ன சொல்வது?

அவள் உள்ளே போய், துவைத்து மடித்து வைத்திருந்த சீருடையை எடுத்து வந்தாள். கதவைச் சாத்தவில்லை. ஹாலின் நடுவில், எல்லோரும் பார்க்க, நைட்டிக்கு மேலேயே சட்டையை மாட்டினாள்.

"கண்ணு, இங்க வா. இப்ப நான் யாரு?"

"அம்மா."

ஒரு பொத்தானைப் போட்டாள். "இப்ப?"

"அம்மா."

"நீயே போடு." அவன் கிட்டே வந்து, தப்பும் தவறுமாக, மேலிருந்து கீழே எல்லாப் பொத்தானையும் போட்டான். ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டான்.

தொப்பியை எடுத்தபோது ஒரு கையால் முன் நாற்காலியையும் மறுகையால் அவளுடைய ஒரு விரலையும் இறுகப் பிடித்துக்கொண்டான். "மெதுவா" என்றான்.

மெதுவாகவே போட்டாள். அவன் வெகுநேரம் பார்த்தான். ஒரு விரலால் அவள் மேலுதட்டைத் தடவினான். திருப்பித் தடவினான்.

"முளைக்கலை."

"முளைக்காதுடா. ஒரு நாளும் முளைச்சதில்லை. பஸ்லயும் நான்தான்."

அவன் நம்பியதாகச் சொல்ல முடியாது. ஆனால் முன் நாற்காலியைப் பிடித்திருந்த இன்னொரு கையை எடுத்தான்.

அவள் நாற்காலியைத் துணியால் ஒரு துடை துடைத்தாள். "எவனோ ஒட்டகம் உக்காந்திருக்கான்" என்றாள். உட்கார்ந்து, இல்லாத கண்ணாடியைச் சரிபார்த்து, கியரைப் போட்டு, மூடியை நிமிர்த்திப் பிடித்தாள்.

"அண்ணி, மீசை வளர்ந்ததும் எனக்கு சீட்டு திரும்பக் கிடைக்குமா?" என்றான் கொழுந்தன், மடியில் பொம்மையோடு.

"டிரைவர்கிட்ட பேசக் கூடாது தம்பி. அவசரம்னா இறங்கி அடுத்த பஸ்ல வா."

பஸ் கிளம்பி ஹாலைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்திருக்கும். பின்னாலிருந்து, சோதித்துப் பார்க்கிற சின்னக் குரல் ஒன்று வந்தது.

"அம்மா."

அவள் கண் சாலையிலேயே இருந்தது. வேகத்தைக் குறைத்தாள். சைகை காட்டினாள். சைக்கிள்காரனுக்கு வழிவிட்டு, ஓரமாக நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டாள். பிறகு முழு உடம்போடு திரும்பினாள்.

"என்னப்பா?"

வாண்டு அவள் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல. போலாம்."

பஸ் கிளம்பியது. அடுத்த திருப்பம் வருவதற்குள் மறுபடி கூப்பிட்டான். அவள் மறுபடி ஓரம் கட்டினாள். அன்றைக்கு அந்த பஸ் எங்கேயும் போய்ச் சேரவில்லை. நின்று நின்றுதான் போனது. கடைசி நாற்காலியில் ஒரு பயணி தூங்கிக்கொண்டிருந்ததால், தாமதம் என்று யாரும் புகார் சொல்லவில்லை.